கல்லறையிலிருந்து பின்னோக்கி: கனடாவில் ஒரு ஆங்கிலேயத் தாத்தாவைத் தேடி

எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம் இது. வாசிக்க வசதியாகச் சில இடங்களில் மட்டும் சுருக்கியிருக்கிறோம்.



கனடாவிலயும் ஒரு லண்டன் இருக்கு, தெரியுமா? ஒண்டாரியோ மாகாணத்துல. அந்த ஊர் வழியா ஓடுற ஆத்துக்குப் பேரும் தேம்ஸ்தான். அந்த லண்டனோட ஓரத்துல, ஃபேன்ஷாங்கிற இடத்துக்குப் பக்கத்துல, சைலோம்னு ஒரு பழைய கல்லறைத் தோட்டம். அங்கே ஜார்ஜ் லவ்லெஸ்னு ஒருத்தரைப் புதைச்சிருக்காங்க. 1874 மார்ச் மாசம், 77 வயசுல இறந்தவர்.

இப்ப ஒரு சின்னக் கற்பனை. நீங்கதான் அவரோட எள்ளுப் பேத்தி, இல்லன்னா எள்ளுப் பேரன். வீட்ல உங்களுக்குச் சொன்னது இவ்வளவுதான்: "தாத்தா இங்கிலாந்துல இருந்து வந்தவர். விவசாயி. மெதடிஸ்ட் சர்ச்சுல ரொம்ப ஈடுபாடு. நல்ல மனுஷன்." அதுக்கு மேல கேட்டா யாருக்கும் தெரியாது. எந்த ஊர்ல இருந்து வந்தார், ஏன் வந்தார், நாற்பது வயசுக்கு மேல ஒரு மனுஷன் எதுக்காக எல்லாத்தையும் வித்துட்டுக் கடல் தாண்டினார்? பதில் கிடையாது.

ஜார்ஜ் லவ்லெஸ் கற்பனை ஆள் இல்லை. இன்னைக்கு நாம செய்யப்போறது இதுதான். அவர் யாருன்னு நான் முன்னாடியே சொல்லப்போறதில்லை. ஒரு எள்ளுப் பேத்தி எப்படித் தேடுவாங்களோ, அதே வரிசையில காகிதம் காகிதமா போவோம்.

பின்பக்கமா நடக்கணும்

வம்சாவளி தேடுறவங்களுக்கு முதல் பாடம் இது. தெரிஞ்சதுல இருந்து தெரியாததுக்குப் போகணும். அதாவது, சாவுல இருந்து பிறப்பை நோக்கி.

ஒண்டாரியோவில பிறப்பு, இறப்பு, திருமணத்தை அரசாங்கம் பதிவு பண்ண ஆரம்பிச்சது 1869 ஜூலையில. ஜார்ஜ் இறந்தது 1874ல. அதனால இறப்புப் பதிவைத் தேட வழி இருக்கு. அதுக்கு முன்னாடி, 1871ல கனடாவில சென்சஸ் எடுத்தாங்க. பேர், வயசு, தொழில், பிறந்த நாடு, மதம் எல்லாம் கேட்டாங்க. மதம்னு ஒரு கட்டம் இருக்கிறது நமக்குப் பெரிய உதவி. ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா, ஒருத்தர் மெதடிஸ்ட், இன்னொருத்தர் ஆங்கிலிக்கன்னு பிரிச்சுப் பார்க்கலாம்.

ஆனா பிறந்த இடம்ங்கிற கட்டத்துல என்ன இருக்கும்? "இங்கிலாந்து." அவ்வளவுதான். ஊர் பேரு கிடையாது, மாவட்டம் கிடையாது. ஒரு முழு நாடு. அதுல எங்கே போய்த் தேடுறது?

இங்கேதான் அனுபவசாலிங்க ஒண்ணு சொல்வாங்க. ஒத்தை ஆளைத் தேடாதே, கூட்டத்தைத் தேடு. அந்தக் காலத்துல யாரும் தனியா புலம்பெயரல. அண்ணன், தம்பி, மச்சான், மாப்பிள்ளைன்னு சேர்ந்துதான் போனாங்க. அதனால பக்கத்துல யார் யார் இருந்தாங்க, அதே கல்லறைத் தோட்டத்துல வேற யார் இருக்காங்கன்னு பார்க்கணும்.

பார்த்தா, அதே சைலோம்ல தாமஸ் ஸ்டான்ஃபீல்ட்னு ஒருத்தர். 1864ல இறந்தவர். ஜார்ஜோட சகோதரி டினையாவைக் கட்டினவர். லண்டன் ஊருக்குள்ளயே இன்னொரு கல்லறைத் தோட்டத்துல ஜேம்ஸ் லவ்லெஸ். இவர் ஜார்ஜோட தம்பி. சர்ச் ஒண்ணுல பராமரிப்பு வேலை பார்த்தவர். தாமஸோட மகன் ஜான் ஸ்டான்ஃபீல்ட் அதே பகுதியில ஹோட்டல் நடத்தி, ஊர்ல பெரிய மனுஷனா வாழ்ந்தவர். கொஞ்சம் தள்ளி செயின்ட் மேரிஸ் பக்கத்துல ஜேம்ஸ் பிரைன். இவர் தாமஸோட மாப்பிள்ளை. 1902 வரைக்கும் இருந்தார்.

அஞ்சு ஆண்கள், அஞ்சு பேரும் சொந்தம். அஞ்சு பேருமே 1840களோட நடுவுல, ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள வந்து சேர்ந்தவங்க. இப்ப நம்ம கையில ஒத்தை நூல் இல்லை, அஞ்சு நூல் இருக்கு.

கப்பல் எங்கே?

அடுத்து எல்லாரும் ஆசையா தேடுறது கப்பல் பட்டியல். "எங்க தாத்தா எந்தக் கப்பல்ல வந்தார்?"

ஏமாற்றம் இங்கேதான். பிரிட்டன்ல இருந்து வெளிநாடு போனவங்களோட பட்டியல் முறையா சேமிச்சு வெச்சிருக்கிறது 1890ல இருந்துதான். கனடா பக்கம், கியூபெக் துறைமுகத்துல வந்து இறங்கினவங்களோட பட்டியல் தொடர்ச்சியா கிடைக்கிறது 1865ல இருந்து. நம்ம ஆட்கள் வந்தது 1840கள்ல. சொந்தக் காசுல, சொந்த விருப்பத்துல கப்பல் ஏறின ஒரு குடும்பத்தோட பேரை எழுதி வெச்சுப் பாதுகாக்கணும்னு அப்ப எந்த ஆபீசுக்கும் தோணல.

இதை ஞாபகம் வெச்சுக்கங்க. திரும்ப இந்த இடத்துக்கு வருவோம்.

எசெக்ஸ்ல ஒரு கல்யாணம்

கப்பல் கிடைக்காட்டி என்ன, கடலைத் தாண்டி அந்தப் பக்கம் குதிப்போம். இங்கிலாந்துல 1837 ஜூலை 1ல இருந்து பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாம் அரசாங்கப் பதிவு. அதுக்கு முன்னாடி சர்ச் பதிவேடு மட்டும்தான்.

அஞ்சு நூல்ல எது சீக்கிரம் சிக்கும்? ஜேம்ஸ் பிரைன். அவர் மனைவி பேரு எலிசபெத். கல்யாணத்துக்கு முன்னாடி ஸ்டான்ஃபீல்ட். இந்த ரெண்டு பேரையும் சேர்த்துத் தேடினா 1839 ஜூன் மாசத்துக்குப் போய் நிக்கும். ஊர், கிரீன்ஸ்டெட். எசெக்ஸ் மாவட்டம். அந்த ஊர்த் தேவாலயத்தோட மரச்சுவர்கள் கிட்டத்தட்ட ஆயிரம் வருஷப் பழசு. அங்கேதான் கல்யாணம். திருமணப் பதிவுல பொண்ணோட அப்பா பேரும் இருக்கும், தொழிலும் இருக்கும்.

அப்ப இவங்க எசெக்ஸ்காரங்களா? ரெண்டு வருஷம் கழிச்சு, 1841 ஜூன்ல எடுத்த சென்சஸைப் பார்க்கணும். இது கொஞ்சம் வம்பு பிடிச்ச சென்சஸ். பெரியவங்க வயசை அஞ்சஞ்சா குறைச்சு எழுதச் சொல்லியிருந்தாங்க. 44 வயசுன்னா 40. அதைப் பார்த்துட்டு "இது நம்ம தாத்தா இல்லையே"ன்னு விட்டுட்டுப் போனவங்க நிறையப் பேர். பேரும் நிலையா இருக்காது. லவ்லெஸ், லவ்லாஸ், லவ்லேஸ்னு எழுதுறவர் காதுல விழுந்த மாதிரி. ஸ்டான்ஃபீல்ட்ல நடுவுல ஒரு எழுத்து வரும், போகும்.

ஆனா அதுல ஒரு நல்ல கேள்வி இருக்கு: "இதே மாவட்டத்துல பிறந்தவரா?" ஆமா, இல்லைன்னு ஒத்தை எழுத்துல பதில். நம்ம குடும்பங்கள் வேற மாவட்டத்துல பிறந்தவங்க. அப்ப எசெக்ஸ் அவங்க ஊர் இல்லை. அங்கேயும் வந்தேறிங்கதான்.

ரெண்டு பண்ணைகள். ஒண்ணு கிரீன்ஸ்டெட்ல, இன்னொண்ணு பக்கத்துல ஹை லேவர்ல. ரெண்டையும் குத்தகைக்கு எடுத்துக் கொடுத்தது லண்டன்ல இருந்த ஒரு நிதிக்குழு. பொதுமக்கள் கிட்ட வசூல் பண்ணின பணம்.

யோசிச்சுப் பாருங்க. கூலி வேலை பார்த்த குடும்பங்களுக்கு, முன்பின் தெரியாத ஜனங்க காசு போட்டு ஏன் பண்ணை எடுத்துக் கொடுக்கணும்?

1834

இந்த இடத்துல நம்ம எள்ளுப் பேத்தி பழைய செய்தித்தாள் தொகுப்புல "ஜார்ஜ் லவ்லெஸ்"னு டைப் பண்றாங்கன்னு வெச்சுக்கங்க. இதுவரைக்கும் ஒரு வரிக்கு அலைஞ்சவங்களுக்கு, திடீர்னு மடை திறந்த மாதிரி வரும். நாடாளுமன்றத்துல பேச்சு, ஊர்வலம், மனு, தலையங்கம். எல்லாம் 1834க்கு மேல.

டார்செட் மாவட்டத்துல டோல்பட்டில்னு ஒரு சின்னக் கிராமம். பண்ணைக் கூலி வாரத்துக்கு 9 ஷில்லிங். அதை 8 ஆக்கினாங்க, 7 ஆக்கினாங்க, அடுத்து 6ன்னு சொன்னாங்க. ஜார்ஜ் லவ்லெஸ் ஏர் ஓட்டுற கூலி. ஞாயித்துக்கிழமை மெதடிஸ்ட் கூட்டத்துல பிரசங்கமும் பண்ணுவார். படிக்கத் தெரிஞ்சவர். அவர் முன்னாடி நின்னு ஒரு விவசாயத் தொழிலாளர் சங்கம் ஆரம்பிச்சாங்க. தாமஸ் ஸ்டான்ஃபீல்ட் வீட்ல கூடினாங்க. புதுசா சேர்றவங்க கண்ணைக் கட்டி, ஒரு எலும்புக்கூடு படத்துக்கு முன்னாடி நிறுத்தி, ரகசியமா சத்தியம் வாங்கினாங்க.

சங்கம் வைக்கிறது அப்ப சட்ட விரோதம் இல்லை. அந்தத் தடையை 1824லயே எடுத்துட்டாங்க. ஆனா ஜேம்ஸ் ஃப்ராம்ப்டன்னு ஒரு நிலக்கிழார், அவரே அந்தப் பகுதி மாஜிஸ்திரேட்டும் கூட, உள்துறை அமைச்சர் மெல்போர்ன் பிரபுவுக்கு எழுதினார். தோண்டி எடுத்தது 1797ல கடற்படைக் கலகத்தை அடக்கப் போட்ட ஒரு சட்டம். சத்தியம் வாங்கினது குத்தம்னு சொல்லி, 1834 பிப்ரவரி 24ஆம் தேதி காலையில ஆறு பேரைக் கைது பண்ணினாங்க. நாம பார்த்த அஞ்சு பேரோட ஆறாவது ஆள், ஜேம்ஸ் ஹேமெட். மார்ச்சில தீர்ப்பு: ஏழு வருஷம் நாடு கடத்தல்.

தொழிற்சங்க வரலாறு படிச்சவங்களுக்கு இந்நேரம் புரிஞ்சிருக்கும். டோல்பட்டில் தியாகிகள்னு உலகத்துக்கே தெரிஞ்ச ஆறு பேர்ல அஞ்சு பேர், அந்த அமைதியான கனடாத் தாத்தாக்கள்.

கைதிக்கு மட்டும் பட்டியல்

இப்ப கப்பல் விஷயத்துக்குத் திரும்புவோம். 1840கள்ல சுதந்திரமா கனடா போன கப்பலுக்கு முறையான பட்டியல் இல்லைன்னு சொன்னேன். 1834ல கைதியா போன கப்பல்? பேர் தெளிவா இருக்கு. அஞ்சு பேர் 'சர்ரி'ங்கிற கப்பல்ல சிட்னிக்கு. தீர்ப்புக்கு அப்புறம் உடம்பு சரியில்லாம போனதால ஜார்ஜ் மட்டும் பிந்தி, 'வில்லியம் மெட்கால்ஃப்'ங்கிற கப்பல்ல டாஸ்மேனியாவுக்கு. அன்னைக்கு அதுக்குப் பேரு வான் டீமன்ஸ் லேண்ட்.

டாஸ்மேனியாவில கைதிகளைப் பத்தி எழுதி வெச்ச மாதிரி ஏழைகளைப் பத்தி உலகத்துல வேற எங்கேயும் எழுதியிருப்பாங்களான்னு சந்தேகம். உயரம், முடி நிறம், கண் நிறம், முகவெட்டு, உடம்புல இருக்கிற தழும்பு, தொழில், எங்கே வேலைக்கு அனுப்பினாங்க, என்ன தண்டனை. இன்னைக்கு அது யுனெஸ்கோவோட உலக நினைவுப் பதிவேட்டுல இருக்கிற ஆவணம். டாஸ்மேனிய நூலகத்தோட தளத்துல இலவசமா பார்க்கலாம்.

ஒரு ஏர் ஓட்டுறவர் ஊர்லயே கூலிக்கு உழைச்சிருந்தா, மூணே மூணு வரிதான் மிஞ்சியிருக்கும்: ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம். எதிர்த்துக் கேட்டதால அவர் கண்ணு என்ன நிறம்னு கூட அரசாங்கம் எழுதி வெச்சது.

இது நம்ம பக்கமும் உண்மை. 1860ல மெட்ராஸ்ல இருந்து 'ட்ரூரோ'ன்னு ஒரு கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏத்திக்கிட்டு டர்பனுக்குப் போச்சு. அந்தக் கப்பலுக்கும், அடுத்தடுத்துப் போனதுக்கும் பட்டியல் இருக்கு. ஆளுக்கு ஒரு எண், அப்பா பேர், வயசு, ஜாதி, ஊர். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அதை வெச்சுத்தான் தங்கள் கிராமத்தைத் தேடுறாங்க. யாரைக் கட்டுப்பாட்டுல வைக்கணுமோ, அவங்களைத்தான் அரசாங்கம் எண்ணி எழுதும்.

எழுதாம விட்டதையும் சொல்லணும். ஆறு பேரையும் கப்பல் ஏத்தின பிறகு அந்தப் பெண்கள் என்ன ஆனாங்க? ஏழைகளுக்கு ஊர்ல கொடுக்கிற உதவிப்பணத்தைக் கேட்டுப் போனாங்க. கிடையாதுன்னு அனுப்பிட்டாங்க. சங்கத்துக்குக் கொடுக்கக் காசு இருந்ததே, இப்ப எதுக்கு உதவின்னு கேட்டாங்களாம். லண்டன் நிதிக்குழுதான் அவங்களைக் காப்பாத்தினது. ஜார்ஜோட மனைவி எலிசபெத், வீட்ல பெட்ஸி. அவங்க கண்ணு என்ன நிறம்னு எந்தப் பதிவேட்டுலயும் இல்லை.

ஆனா ஒரு சம்பவத்துல பெட்ஸி தெரியறாங்க. 1834 ஏப்ரல் 21 அன்னைக்கு லண்டன்ல பெரிய ஊர்வலம். ரெண்டு லட்சம் கையெழுத்துன்னு சொல்லி ஒரு மனு. அந்த அழுத்தத்துல 1836 மார்ச்சில ஆறு பேருக்கும் மன்னிப்பு. ஜார்ஜுக்கு அது தெரிய வந்ததே ஒரு செய்தித்தாளைப் படிச்சுத்தான். கிளம்ப வேண்டியதுதானே? கிளம்பல. ஏன்னா, அதுக்கு முன்னாடி மனைவியையும் பிள்ளைகளையும் டாஸ்மேனியாவுக்கு வரச்சொல்லிக் கடிதம் போட்டிருந்தார். இவர் இங்கே இருந்து கிளம்பி, அவங்க அங்கே இருந்து கிளம்பி, நடுக்கடல்ல ரெண்டு கப்பலும் எதிரெதிரா கடந்து போயிட்டா? பதில் வர மாசக்கணக்கு ஆகும். காத்திருந்தார். விடுதலை கிடைச்ச மனுஷன், மனைவியோட பதிலுக்காகத் தண்டனை அனுபவிச்ச தீவுலயே உட்கார்ந்திருந்தார். 1837 ஜூன்லதான் இங்கிலாந்து வந்து சேர்ந்தார்.

பேசாம இருந்தது ஏன்?

இப்ப கஷ்டமான கேள்வி. கனடாவுக்குப் போன பிறகு இந்தக் குடும்பங்கள் பழசைப் பத்தி வெளியில பேசல, பிள்ளைகள் கிட்ட கூடச் சொல்லலன்னுதான் சொல்றாங்க. அப்ப எள்ளுப் பேத்தி அதைத் தோண்டி எடுக்கிறது சரியா? தாத்தா மறைச்சதை நாம ஏன் திறக்கணும்?

நான் இதைப் பத்தி நிறைய யோசிச்சேன். குடும்பத்துல யாராவது எதையாவது பேசாம இருந்தா, உடனே "ஏதோ அவமானம்"னு முடிவு பண்ணிடுறோம். ஆனா ஜார்ஜ் விஷயத்துல தேதியைப் பாருங்க. 1837ல ஊர் திரும்பின அதே வருஷம் அவர் ஒரு புத்தகம் போட்டார். 'விக்டிம்ஸ் ஆஃப் விக்கரி'. அன்னைக்கு ஆட்சியில இருந்த விக் கட்சியால பாதிக்கப்பட்டவங்கன்னு அர்த்தம். சொந்தப் பேர்ல. கைது, ஜெயில், கப்பல், சங்கிலிக் கைதிகளோட ரோடு வேலை, எல்லாத்தையும் எழுதினார். வெட்கப்படுறவர் அப்படி அச்சடிச்சு விப்பாரா?

எசெக்ஸ்லயும் அவங்க வாயை மூடிக்கிட்டு இருக்கல. வாக்குரிமை கேட்ட சார்ட்டிஸ்ட் இயக்கத்துல சேர்ந்தாங்க. ஊர்ப் பாதிரியாரும் பண்ணைக்காரங்களும் எதிர்த்தாங்க. எங்கே போனாலும் "அந்த டோல்பட்டில் ஆளுங்க"ங்கிற பேரு. குத்தகைக் காலம் முடியுற நேரத்துல, கனடா.

அதனால எனக்குத் தோணுறது இது. அவர் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய இடத்துல சொல்லி முடிச்சுட்டார். கனடாவில அவருக்குத் தேவைப்பட்டது, பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இருக்கிற உரிமை. நிலத்தைப் பார்த்துக்கிட்டு, சைலோம் சர்ச் கட்டக் கைகொடுத்து, வேலை முடிஞ்சு வந்து பெட்ஸியோட சாப்பிடுறது. நான் ஆரம்பத்துல ஆவணம் கிடைக்கலையேன்னு புலம்பின வருஷங்கள் இருக்கே, அந்த முப்பது வருஷம், அவரை யாரும் துரத்தாத வருஷங்கள். ஏமாற்றத்தோட பார்த்த அந்த வெத்துக் கட்டங்களை நான் இப்ப வேற மாதிரி பார்க்கிறேன்.

ஊர்லயே தங்கினவரோட கதையையும் சொல்லிடுறேன். ஜேம்ஸ் ஹேமெட் கடைசியா 1839ல திரும்பி வந்து, டோல்பட்டில்லயே கட்டட வேலை பார்த்தார். 1891ல, டார்செஸ்டர்ல ஏழைகளை அடைச்சு வைக்கிற விடுதியில இறந்தார். 1934ல, நூற்றாண்டு சமயத்துல, அவருக்குக் கல்லறைக்கல் வெச்சாங்க. செதுக்கினது எரிக் கில்னு பேர்பெற்ற சிற்பி.

நீங்க தேட ஆரம்பிச்சா

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்துல யாரையாவது தேடணும்னா, காசு செலவில்லாம ஆரம்பிக்கலாம். 1837க்குப் பிறகு ஃப்ரீபிஎம்டி. அதுக்கு முன்னாடி சர்ச் பதிவேடுகளுக்கு ஃப்ரீரெக், ஃபேமிலிசர்ச். கனடா சென்சஸுக்கு அந்த நாட்டு ஆவணக் காப்பகத்தோட தளம். பேரை நாலு விதமா எழுதித் தேடுங்க. வயசுல அஞ்சு வருஷம் முன்னபின்ன விடுங்க. ஆள் காணாம போனா, அவங்க தங்கச்சியைத் தேடுங்க, மச்சானைத் தேடுங்க.

முக்கியமா, ஒரு பேச்சில்லாத காலம் வந்தா, "என்ன மறைச்சாங்க"ன்னு கேட்கிறதுக்கு முன்னாடி, அது எந்த வருஷத்துல ஆரம்பிக்குது, அதுக்கு முன்னாடி அவங்க என்ன பேசினாங்கன்னு பாருங்க.

டோல்பட்டில்ல அந்த ஆறு பேரும் கூடினதா சொல்ற சிக்கமோர் மரம் இன்னும் நிக்குது. முன்னூறு வருஷத்துக்கு மேல வயசு. வருஷா வருஷம் ஜூலையில தொழிற்சங்கக்காரங்க கொடியோட வர்றாங்க. ஒண்டாரியோ லண்டன்ல டோல்பட்டில் பேர்ல ஒரு கூட்டுறவுக் குடியிருப்பே இருக்கு. பேசாம இருந்த தாத்தாவோட கதை, இப்ப அங்கே அட்ரஸா இருக்கு.

உங்க வீட்ல யாரைப் பத்தி யாரும் பேசுறதில்லை? யோசிங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.